மாணிக்கத்துக்கு எத்தனை ராத்தல்

மகனே,

உன் அம்மா சுகமாக இருக்கிறாள். என்னைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தைக் குப்புறப் படுத்து, நெஞ்சுக்குத் தலையணை கொடுத்துத்தான் எழுதுகிறேன். கால் மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பில் பிடித்து இழுத்துக் கால் பெருவிரல் வரை கொண்டுபோய் விடும். உனக்கு இருபத்தொரு வயது, என் முதுகு போயும் அதே இருபத்தொரு வருஷம். போன ஞாயிற்றுக்கிழமை நீ கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்தாய். சாப்பிட்டுக்கொண்டே, ஏதோ சில்லறைச் சமாசாரம் கேட்பதுபோல் கேட்டாய்: "அப்பா, சுமை தூக்குற ஆளுங்க லிஸ்ட்டுல மாணிக்கம்னு ஒரு பேரு இருக்கு. சிம்பாங் அம்பாட் ஆளு. காடு தெரிஞ்சவன்னு எடுத்திருக்காங்க. அது அந்த ஆளா? பேர அடிச்சிடட்டா?" நான் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனேன். கோபத்தில் போனேன் என்று உன் அம்மா நினைத்தாள். கோபமில்லை. சந்தோஷத்தில் என் முகம் போன போக்கை நீ பார்த்துவிடக் கூடாது என்றுதான் போனேன். வருகிற திங்கட்கிழமை நில அளவைக் குழுவோடு கெடா எல்லை மலைகளுக்கு நாற்பது நாள் நடை கிளம்புகிறாய். அந்தக் குழுவின் சுமைகளை எடை போட்டு ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்கும் குமாஸ்தா நீ. ஆகவே உன் கேள்விக்குப் பதில் எழுதித்தான் தீரவேண்டும்.

ஆனால் முதலில் உன் முதுகு. நீ வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் மூச்சை அடக்கினாய். நான் பார்த்தேன். பழகுவதற்காக மூன்று நாள் மூட்டையோடு நடந்தாயாம், அதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். "ஒன்னுமில்லப்பா" என்றாய். இருபத்தொரு வருஷத்துக்கு முன் நானும் இதே பொய்யைத்தான் பதினெட்டு நாள் சொல்லிக்கொண்டு நடந்தேன். அதனால் நான் சொல்கிறதைக் கேள். மூட்டையின் அடியில் கனத்தைப் போடாதே. கனமான சாமான் எல்லாம் மேலே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, முதுகை ஒட்டி இருக்கவேண்டும். கம்பளியை மடித்து முதுகுப் பக்கம் வை. கனம் முதுகை விட்டு ஒரு சாண் விலகினால் அது பின்னாலிருந்து உன்னை இழுக்கும், நீ முன்னால் குனிந்து அதை இழுப்பாய், அந்தப் போட்டியில் நடு இடுப்பு செத்துப்போகும். தோள் வார் மட்டும் போதாது. நாலு முழத் துணியை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிச் சுற்றி, மூட்டையின் அடிப்பாகம் அந்தத் துணிக்கட்டில் உட்காரும்படி வாரைச் சரிசெய்துகொள்.

தரையில் கிடக்கும் மூட்டையைக் குனிந்து தூக்கி முதுகில் வீசாதே. வாலிபப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் செய்வார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும். மூட்டையை ஒரு மரக்கட்டைமேல் வைத்து, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வாரை மாட்டி, ஒரு முழங்காலை ஊன்றி எழுந்திரு. கையில் ஒரு நல்ல தடி வேண்டும். நின்று மூச்சு வாங்கும்போது அந்தத் தடியைப் பின்னால் மூட்டைக்கு முட்டுக் கொடுத்தால் பாரம் தடிக்குப் போகும், நீ நிமிர்ந்து நிற்கலாம். ஏற்றம் முதுகைக் கொல்லாது, இறக்கம்தான் கொல்லும். இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வை. யார் கேலி செய்தாலும் செய்யட்டும். மாலையில் மூட்டையை இறக்கியவுடன் தொப்பென்று உட்காராதே, பத்து நிமிஷம் வெறும் உடம்போடு நட. மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் துணி மூட்டை வை. காலையில் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்திரு. வலி முதுகோடு நின்றால் மெல்ல நடக்கலாம், நடந்தால் இளகும். அது தொடை வழியாகக் காலுக்கு இறங்கினால், விரல் மரத்தால், அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடு. துரை கத்தினாலும் எழுந்திருக்காதே. வேலை போனால் போகட்டும்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏன், நான் கேட்கவுமில்லை. அப்போது நான் பினாங்குத் துறைமுகத்தில் தலைச்சுமைக்காரன். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து அதன்மேல் எந்தப் பெட்டியை ஏற்றினாலும் எடையைச் சொல்லிவிடுவேன். கழுத்து சொல்லும் எனக்கு. அரை ராத்தல் பிசகாது. தராசு வருவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லிக் கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய கர்வம். நீ உன் அம்மா வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது கூலியாட்களை மேய்க்கிற மண்டோர் மாணிக்கம் ஜெட்டிக்கு வந்து நில அளவைக்குச் சுமைக்காரர்கள் வேண்டும் என்றான். ஆளுக்கு நாற்பது ராத்தல், அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்பது துரையின் உத்தரவு. பன்னிரண்டு பேர் போனோம். பட்டர்வொர்த்தில் இறங்கியதும் நான் வழக்கம்போல் சும்மாட்டை எடுத்தேன். மாணிக்கம் என் தலையிலிருந்து அதைத் தட்டிவிட்டான். "காட்டுல கிளை தட்டும்லா. தலைச்சுமை ஆகாது. எல்லாரும் முதுகுலதான் தூக்கணும்" என்றான். மலாய்க்காரர்கள் தூக்குகிற முதுகுக்கூடை ஆளுக்கு ஒன்று கொடுத்தான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் என் வயிறு எரிகிறது.

இங்கேதான் நான் ஏமாந்தேன், மகனே, என்னைப்போல் தலையில் தூக்கியே வளர்ந்தவன்தான் இப்படி ஏமாறுவான். என் கழுத்துக்கு எடை தெரியும். முதுகுக்கு ஒன்றும் தெரியாது. முதல் நாளே கூடை மலைபோல் கனத்தது. இது எடையல்ல, பழக்கமில்லாத குறை என்று நினைத்துக்கொண்டேன். மாணிக்கமும் அதையேதான் சொன்னான்: "தலைச்சுமைக்காரன் முதுகு அப்படித்தான் இருக்கும். பத்து நாள்ல சரியாப் போயிடும்." கூடையை ஒரு தடவை இறக்கித் தலையில் வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் கணமே தெரிந்திருக்கும். வைக்கவில்லை. எடை சொல்கிறவன் என்று பெயர் எடுத்தவன், நாற்பது ராத்தலுக்கு முனகுகிறான் என்று மற்றவர்கள் சிரிப்பார்களே என்று இருந்துவிட்டேன். கூடையைத் திறந்தும் பார்க்க முடியாது. கட்டியவன்தான் அவிழ்க்கவேண்டும் என்பது சுமைக்காரர்களின் வழக்கம். துரையின் கருவிகள் எந்தக் கூடையில் இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது, முடிச்சு மாறியிருந்தால் திருட்டுப் பட்டம்தான். காலையில் மாணிக்கம் கட்டுவான், சாயங்காலம் மாணிக்கம் அவிழ்ப்பான். அவன் மறைப்புக்குள் கூடைகள் போகும், நாங்கள் சோறு பொங்கப் போவோம்.

பதினெட்டாம் நாள் ஒரு ஓடைக்கு இறங்குகிற சரிவில் என் வலது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அதற்கு நாலு நாள் முன்பிருந்தே அந்தக் கால் மரத்துக்கொண்டிருந்தது. விழுந்தேன். கூடை என்னை விட்டு உருண்டு பாறையில் மோதிப் பிளந்தது. அரிசியும் அளவுச் சங்கிலியும் கிடந்தன, அது துரையின் சாமான். அவற்றோடு பிடி போடாத பாராங் கத்திகள் ஒரு கட்டு, நாலு பை உப்பு, புகையிலை. கம்பங்கள் என்கிற மலைக் கிராமங்களில் விற்பதற்காக மாணிக்கம் வாங்கிய சரக்கு. ஓடையில் கிடந்தபடியே அந்தக் கத்திக்கட்டைப் பார்த்தேன். அறுபத்தைந்து ராத்தல் தூக்கியிருக்கிறேன். கிடந்த சாமானை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துவிட்டேன். துரை ஓடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம் முந்திக்கொண்டான். நான் கள்ளத்தனமாக என் சொந்தச் சரக்கை ஏற்றி வியாபாரம் செய்கிறேனாம், அந்தக் கனத்தில்தான் விழுந்தேனாம். துரையோடு பேசுகிற அளவுக்கு எனக்கு இங்கிலீசும் தெரியாது, மலாயும் போதாது. மற்றப் பதினோரு பேரைப் பார்த்தேன். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். துரை என் பெயரை அடித்தார். பக்கத்துக் கம்பத்தில் என்னைப் போட்டுவிட்டுக் குழு போய்விட்டது. போகும்போது மாணிக்கம் குனிந்து என் காதருகே, "நடிச்சது போதும், எழுந்திரு" என்றான். என்னால் கழுத்தைக்கூடத் திருப்ப முடியவில்லை, மகனே. காறித் துப்பினேன், அதுவும் என் கைமேலேயே விழுந்தது.

அந்தக் கம்பத்தில் ஒரு மலாய்க்கார அம்மா சுட்ட கல்லை இலையில் சுற்றி என் இடுப்பில் வைத்து வைத்து மூன்று வாரத்தில் உட்கார வைத்தாள். உன் அம்மா வயிற்றில் உன்னைச் சுமந்துகொண்டு கெப்பாலா பத்தாஸ்வரை மாட்டுவண்டியில் வந்து என்னைக் கூட்டிப் போனாள். பிறகு ஒரு சரக்குக் கிட்டங்கியில் கோணிப்பை தைக்கிற வேலை. நின்று கொஞ்சம், படுத்துக் கொஞ்சம் தைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். நீ இங்கிலீஷ் படிக்கவேண்டும் என்று நான் ஏன் உயிரை விட்டேன் என்று நினைக்கிறாய்? உத்தியோகத்துக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். என்றைக்காவது ஒரு துரையின் முன்னால் நம் வீட்டு ஆள் ஒருவன் வாய் திறந்து பேசவேண்டும், அதற்குத்தான். ஒவ்வொரு வருஷமும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன், பொய் சொன்னதை, உன் அம்மாவை ஏசியதை எல்லாம் சாமியாரிடம் சொல்கிறேன். மாணிக்கத்தை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் மன்னிக்கச் சொல்வார். எனக்கு மன்னிக்க விருப்பமில்லை. இதை உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இது எழுதக் கஷ்டமாக இருக்கிறது. உனக்குப் பதின்மூன்று வயதானதும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தண்ணீர்மலைப் பாதைக்கு உன்னைக் கூட்டிப் போவேன். கோணிப்பையில் கல் போட்டு உன் முதுகில் கட்டி, "எத்தனை ராத்தல் சொல்லு" என்பேன். சரியாகச் சொன்னால் இறக்கலாம். தப்பாகச் சொன்னால் அடுத்த வளைவுவரை நடக்கவேண்டும். என்னை முதுகில் ஏமாற்றினார்கள், என் பிள்ளையை யாரும் ஏமாற்றக் கூடாது என்று வைராக்கியம். இரண்டு வருஷம் விடாமல் செய்தேன். நாம் அங்கே கடைசியாக ஏறிய அன்று, மூன்றாவது வளைவில் நீ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இடுப்புல ஏதோ வெட்டுது, நடக்க முடியல" என்று அழுதாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "நடிக்காதடா, ஏறு" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா உன் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அவன் உங்க முதுகை ஒடிச்சான். நீங்க எம்புள்ள முதுகை ஒடிக்கிறீங்க. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?" அன்றோடு நிறுத்தினேன். ஆனால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பன் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று ஆறு வருஷம் இழுத்துவிட்டேன். போன வாரம் நீ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உனக்கு வலித்தது மூட்டையால் வந்த வலியில்லை. நான் கொடுத்தது. என்னை மன்னித்துக்கொள் என்று இப்போது எழுத்தில் கேட்கிறேன்.

இனி மாணிக்கம். நீ போன மறுநாளே நான் ஃபெர்ரி ஏறி, பஸ் பிடித்து சிம்பாங் அம்பாட் போனேன். உன் அம்மாவிடம் கெலுகோரில் ஒருவரைப் பார்க்கப் போவதாகப் பொய் சொன்னேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், முதுகு கதறியது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரே குஷி. அவன் ஒரு அத்தாப்பு ஓலைக் குடிசையில் தனியாக இருக்கிறான். மண்டோர் வேலை போய்ப் பல வருஷமாகிறதாம். நரைத்துப் போயிருக்கிறான், ஆனால் முதுகு நேராக இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் ஓடையைச் சொன்னேன், கத்திக்கட்டைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓ, நீயா?" என்றான். பிறகு, கூச்சமே இல்லாமல், "எல்லார் கூடையிலயும்தான் வெச்சேன்லா, அண்ணே. பன்னிரண்டு பேர் கூடையிலயும். மத்தவன் எல்லாம் நடந்து வந்து சேர்ந்துட்டான். நீ மட்டும் விழுந்துட்ட. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்றான். தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டான்.

இருபத்தொரு வருஷமாக அவன் என்னை நினைத்துக் கொஞ்சமாவது பயந்திருப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவன் என்னை மறந்தே போயிருக்கிறான். ஓடையில் விழுந்த அன்றைக்குக்கூட எனக்கு இத்தனை வலி இல்லை. தடியை ஓங்கலாமா என்று பார்த்தேன், ஓங்கினால் நான்தான் விழுவேன். அதனால் சொன்னேன்: "இந்தத் தடவை சுமைக்கு எடை போடுற குமாஸ்தா என் மகன்." அவ்வளவுதான் சொன்னேன். அவன் கையிலிருந்த தகரக் குவளை கீழே போயிற்று. "அண்ணே, எனக்கு இந்த வேலையை விட்டா வேற பொழப்பு இல்ல. தம்பிகிட்ட சொல்லி வைங்க. பேர அடிச்சிடச் சொல்லாதீங்க" என்றான். அடிக்கமாட்டான் என்றேன். அதைக் கேட்டுத்தான் அவன் முகம் இன்னும் வெளிறியது. நல்ல கெட்டிக்காரன் அவன், தன் கூடையை இனி யார் கட்டப்போகிறான் என்று உடனே புரிந்துகொண்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு முதுகு வலிக்கவே இல்லை. நிஜமாகச் சொல்கிறேன், பட்டர்வொர்த் வரும்வரை வலிக்கவில்லை.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில். பேரை அடிக்காதே. அடித்தால் அவன் வீட்டில் உட்கார்ந்துவிடுவான், இரண்டு நாள் ஏசிவிட்டு என்னைத் திரும்பவும் மறந்துவிடுவான். கூடுதலாக ஏற்றவும் ஏற்றாதே. அந்த ஆசை உனக்கு வந்தாலும் வரும், எனக்கு வந்தது. அறுபது வயதுக்காரன் அறுபத்தைந்து ராத்தலோடு மூன்றாம் நாள் விழுவான், நீ குற்றவாளி ஆவாய், நடை அதோடு முடிந்துபோகும். எனக்கு நாற்பது நாளும் வேண்டும். அவன் கூடைக்கு நாற்பது ராத்தலே போடு, ஒரு ராத்தல் கூடக் கூடாது. முடிந்தால் ஒன்று குறைத்தே போடு. மற்றவர்கள் சுமையை அவர்கள் கண் முன்னால் எடை போட்டு எண்ணிக்கையை உரக்கச் சொல். அவனுடையதை மட்டும் மறைப்புக்குள் வைத்து எடை போட்டு, நீயே கட்டு, நீயே அவிழ். அவன் அதைத் திறக்கமாட்டான், வழக்கம் அவனுக்குத் தெரியும். முதல் நாள் காலையிலேயே உன்னிடம் வந்து நிற்பான். "தம்பி, எத்தனை ராத்தல்லா?" என்று கேட்பான். நீ எண்ணிக்கை சொல்லாதே. என் பெயரைச் சொல், பேசாமல் இரு. ஒவ்வொரு ஏற்றத்திலும் இதில் என்ன இருக்கிறது, இது எத்தனை என்று அவன் முதுகு அவனையே கேட்கவேண்டும். நாற்பது ராத்தல் அவனுக்கு எழுபதாகக் கனக்கவேண்டும்.

இதை எழுதி முடித்து உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அவன் கூடையில நாற்பது. எம்புள்ள கூடையில நீங்க இப்ப எத்தனை ஏத்துறீங்க?" கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன், கிழிக்க மனம் வரவில்லை. அவள் சொல்வது சரி என்று தெரிந்தும் அனுப்புகிறேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான், என்ன செய்ய.

உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால், முதல் நாளோ பத்தாம் நாளோ அந்தக் கிழவன் முகத்தைப் பார்த்து உனக்கு இரக்கம் வந்து எண்ணிக்கையைச் சொல்லிவிட்டாய் என்றால், அதை என்னிடம் சொல்லாதே. திரும்பி வந்து என் கட்டிலருகே உட்கார்ந்து, நாற்பது நாளும் அவன் நடுங்கினான் என்று சொல். நான் எதுவும் துருவிக் கேட்கமாட்டேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவேன். உன் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்பேன், அதற்கு மட்டும் பொய் சொல்லாதே.

உன் அப்பா